கேமரா வாங்கும் முன் கணினியைப் பாருங்கள்

தூத்துக்குடியில் கல்யாண வீடியோ எடுத்து, வெட்டிக் கோத்து, பாட்டுச் சேர்த்துப் பிழைக்கிறவன் நான். வி.எச்.எஸ். கேசட் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஜூன் பிறந்துவிட்டால் என் கடைக்கு ஒரே கேள்வியோடு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். ஜூலை 26-ல் பனிமய மாதா கோயில் கொடியேற்றம், ஆகஸ்ட் 5-ல் திருவிழா. அதற்குள் வீட்டுக்கு ஒரு ஹேண்டிகேம் வாங்கிவிட வேண்டும். “அண்ணே, எது நல்ல கேமரா?” என்பார்கள். “வீட்டில் என்ன கம்ப்யூட்டர் இருக்கு? அதில் என்ன எடிட்டிங் மென்பொருள் போட்டிருக்கீங்க?” என்று நான் கேட்பேன். கேமராவுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று முகம் சுளிப்பவர்கள்தான் அதிகம். அந்தச் சம்பந்தத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

படம் பிடிப்பது பாதி வேலை. பிடித்ததைக் கணினியில் இறக்கி, ஆடியதையும் அசைந்ததையும் வெட்டி எறிந்து, மூன்று மணி நேரத்தை முப்பது நிமிடமாகக் கோத்து வைத்தால்தான் வீட்டில் உள்ளவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். வெட்டாத படத்தை எடுத்தவரே இரண்டாம் முறை போட்டுப் பார்ப்பதில்லை. அது பீரோவுக்குள் போகும். சில ஆண்டுகளில் திறக்க முடியாததாகிவிடும். கேமராவைத் தேர்ந்தெடுப்பது அந்தக் கணினி மேசையிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். கடையில் ஜூம் பற்றிப் பேசுகிறார்கள், மெகாபிக்சல் பற்றிப் பேசுகிறார்கள். இந்தக் கேமரா எந்த வகைக் கோப்பாகப் பதிவு செய்கிறது என்று எவரும் சொல்வதில்லை. வாங்குகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

எங்கள் ஊர் மாதா கோயிலின் தங்கத்தேர் ஆண்டுதோறும் ஓடாது. அண்மைக் காலத்தில் 2007, 2013, 2023 ஆகிய ஆண்டுகளில் ஓடியது. மூன்று தேரையும் படம்பிடித்த வீடுகள் இங்கே நிறைய உண்டு. அந்த மூன்று பதிவுகளையும் ஒரே கணினியில் இறக்கிப் பார்த்தால், பதினாறு ஆண்டுகளில் கேமராக்காரர்கள் நம்மை எங்கெங்கே கொண்டுபோனார்கள் என்பது விளங்கும்.

2007-ல் மினி டிவி கேசட். 1995-ல் சந்தைக்கு வந்த இந்தச் சின்ன கேசட்டில் படம் டிஜிட்டலாகவே பதிந்தது. நொடிக்கு 25 படம்; ஒவ்வொரு படமும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருக்கும். ஆகவே எந்த இடத்தில் வெட்டினாலும் கணினிக்குச் சிரமம் இல்லை. ஒரு மணி நேரக் கேசட்டை இறக்க ஏறக்குறைய 13 ஜிபி இடம் வேண்டும். அன்றைய 80 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஐந்து கேசட்டுக்கு மேல் தாங்காது. இடம்தான் குறை, மற்றபடி விண்டோஸோடு இலவசமாக வந்த மூவி மேக்கரே அதைத் தடங்கலின்றி வெட்டியது. தொழில் செய்கிறவர்கள் கேனோபஸ் எடியஸ் வைத்திருந்தோம். ஆனால் கேசட்டிலிருந்து கணினிக்குப் படம் போக ஃபயர்வைர் என்ற தனி வழி வேண்டும். யூஎஸ்பி வயரைச் சொருகினால் பல கேமராக்களில் அசையாப் படங்கள் மட்டுமே இறங்கும். ஃபயர்வைர் துளை இல்லாத கணினி வைத்திருந்தவர்கள் தனிக் கார்டு வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. இது தெரியாமலே ஆசையாக வாங்கி, ஒரு கேசட்டைக்கூடக் கணினியில் இறக்காமல் விட்டவர்கள் எத்தனையோ பேர்.

2013-ல் கோயிலுக்கு முன்னூறு ஆண்டு நிறைவு. 1713-ல் கட்டிய கோயில். அந்தத் தங்கத்தேரின்போது கேசட் போய் மெமரி கார்டு வந்துவிட்டது. சோனியும் பானாசோனிக்கும் சேர்ந்து 2006-ல் அறிவித்த ஏவிசிஎச்டி என்ற வகையில்தான் பெரும்பாலான ஹேண்டிகேம்கள் பதிந்தன. கோப்பு அளவு சிறியது, படம் தெளிவானது. கார்டைச் சொருகினால் கோப்பு இறங்கிவிடும், வயர் தேட வேண்டியதில்லை. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. இந்த வகையில் எல்லாப் படங்களும் முழுதாகப் பதிவதில்லை. இடையிடையே ஒன்று முழுதாகப் பதியும்; மற்றவற்றில் முன்னும் பின்னும் உள்ள படத்திலிருந்து எது மாறியது என்பது மட்டும் இருக்கும். வலையில் ஒரு கண்ணியை அறுத்தால் பக்கத்துக் கண்ணிகளும் நெகிழ்வது போல, நடுவில் வெட்டினால் கணினி சுற்றியிருப்பவற்றையெல்லாம் கணக்குப் போட்டு மறுபடி வரைய வேண்டும். பழைய கணினி அதைத் தாங்காது. எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் தேர் நகராது; ஒலி மட்டும் ஓடும். கேமராவில் குறையில்லை, கணினியிலும் குறையில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவே.

இந்த வகையில் இன்னொரு தொல்லையும் உண்டு. நீண்ட பதிவைக் கேமரா துண்டு துண்டாக உடைத்து, எம்டிஎஸ் என்று முடியும் பல கோப்புகளாக வைக்கும். அவற்றை இணைக்கும் குறிப்பு வேறு ஃபோல்டரில் இருக்கும். அவசரத்தில் கோப்புகளை மட்டும் இழுத்துப் போட்டுவிட்டுக் கார்டை அழித்தால், துண்டுகள் சேரும் இடத்தில் ஒரு கணம் ஒலி அறுந்துவிடும். மரியே வாழ்க என்று கூட்டம் எழுப்பும் குரல் பாதியில் நிற்கும். கார்டில் உள்ள முழு ஃபோல்டரையும் அப்படியே நகலெடுங்கள். உள்ளே எதையும் பெயர் மாற்ற வேண்டாம், தனித்தனியாக எடுக்கவும் வேண்டாம்.

2023-ல் தேர்வீதி முழுக்கச் செல்போன். எச்.265 என்ற இன்னும் இறுக்கமான சுருக்கம், 4கே அளவு. இடம் மிச்சம். ஆனால் பழைய கணினியில் திறந்தால் திரை கறுப்பாக நிற்கிறது. திறக்கும் கணினியிலும் இழுத்து இழுத்து ஓடுகிறது. செல்போனில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிச்சத்துக்கு ஏற்ப நொடிக்கு எத்தனை படம் என்பதைப் பல போன்கள் தாமாகவே கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. எடிட்டிங் மென்பொருள் நிலையான எண்ணிக்கையை எதிர்பார்க்கிறது. விளைவு, நீண்ட பதிவில் போகப்போக வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். போனிலேயே ஓட்டிப் பார்க்கும்போது இது தெரியாது. டைம்லைனில் வைத்த பிறகுதான் தெரியும்.

துறைமுக ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. எங்கள் தெருக்களில் கப்பல் வேலைக்குப் போகிறவர் இல்லாத குடும்பம் குறைவு. திரும்பி வரும்போது ஒரு கேமரா வரும். சிங்கப்பூரில் வாங்கியதென்றால் பிரச்சினை இல்லை. அங்கேயும் நம்மைப் போல நொடிக்கு 25 படம் பதியும் பால் என்ற முறைதான். ஜப்பானிலோ அமெரிக்காவிலோ இறங்கி வாங்கியதென்றால் அது என்டிஎஸ்சி. நொடிக்கு ஏறத்தாழ 30 படம். ஜப்பானில் உள்ளூர் விற்பனைக்கென்று செய்த கேமரா என்றால் மெனு முழுக்க ஜப்பானிய எழுத்தாகவே இருக்கவும் கூடும். அண்ணன் அனுப்பிய அந்தக் கேமராவில் பாதிக் கல்யாணமும், என் கேமராவில் மீதிக் கல்யாணமும் எடுத்து, “இரண்டையும் சேர்த்துக் கொடுங்க” என்று வருவார்கள். 25-ஐயும் 30-ஐயும் ஒரே டைம்லைனில் வைத்தால் ஏதோ ஒன்று விட்டுவிட்டு நகரும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. 30 படக் கணக்கில் எடுத்தால் பழைய டியூப்லைட் வெளிச்சத்தில் படம் படபடக்கவும் செய்யும். இன்று பல கேமராக்களில் இதை மெனுவில் மாற்ற முடிகிறது, ஆனால் எல்லாவற்றிலும் முடியாது. வெளிநாட்டிலிருந்து கேமரா அனுப்பச் சொல்கிறவர்கள் 25, 50 என்ற எண்கள் மெனுவில் இருக்கின்றனவா என்று கடையில் நின்றே பார்க்கச் சொல்லுங்கள்.

இடையில் சில ஆண்டுகள் டிவிடி ஹேண்டிகேம் என்று ஒன்று வந்தது. உள்ளங்கை அளவுத் தட்டில் நேரடியாகப் பதியும். எடுத்து டிவிடி ப்ளேயரில் போட்டுவிடலாம் என்று விற்றார்கள். ஒரு தட்டில் நல்ல தரத்தில் அரை மணி நேரம்கூட வராது. கேமராவிலேயே ஃபைனலைஸ் செய்து முடிக்காவிட்டால் மற்றக் கருவிகள் பெரும்பாலானவற்றில் அந்தத் தட்டு ஓடாது. அந்தக் கேமரா கெட்டுப்போன வீடுகளில் தட்டுகள் மட்டும் இருக்கின்றன.

இவ்வளவு கவலைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கடற்கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. 1955 முதல் அந்த ஆண்டு வரை கடலில் இறங்கியவர்கள் எங்கள் தாத்தாமார், பெரியப்பாமார். தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் அவர்கள் உயிரோடு இருந்தார்கள். பேரனின் புதுநன்மை விருந்தில், பேத்தியின் கல்யாண வீட்டுப் பந்தலில், காலை நீட்டி உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். பத்துப் பாகம் ஆழத்தில் கல்லோடு இறங்கிய கதை. கயிறு பிடிக்க மைத்துனனைத்தான் நம்ப வேண்டும் என்ற கதை. குளித்த சிப்பியில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு தங்களுக்கு என்று கரையில் எண்ணிப் பிரித்த கதை. திரேஸ்புரத்திலும் புன்னைக்காயலிலும் மணப்பாட்டிலும் ஏதோ ஒரு ஹேண்டிகேம் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. மணமக்களை எடுக்கப் போனவர் நடுவில் இரண்டு நிமிடம் பெரியவர் பக்கம் திருப்பியிருப்பார். நானே அப்படித் திருப்பியிருக்கிறேன்.

அந்த இரண்டு நிமிடங்கள் கல்யாண வீடியோவில் இருக்காது. மிக்ஸிங்கில் அவை வெட்டுப்பட்டுப் போயின. வெட்டாத மூலக் கேசட்டில்தான் இருக்கின்றன. மூலக் கேசட்டோ ஹை8, டிஜிட்டல்8, மினி டிவி என்று கேமராவுக்கு ஒரு வகை. ஓட்ட இயந்திரம் இல்லாததால் பலர் பழைய பாத்திரத்தோடு சேர்த்துப் போட்டுவிட்டார்கள். மிச்சம் இருந்தவற்றில் பெரும்பகுதியை 2023 டிசம்பர் வெள்ளம் கொண்டுபோனது. டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. தூத்துக்குடி நகரில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு சேறு படிந்த கேசட்டுகளைப் பையில் போட்டு எடுத்துவந்தார்கள். சிலவற்றை மீட்க முடிந்தது. பலவற்றில் நாடா ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. அப்பாவின் குரல் அதில்தான் இருக்கிறது என்று ஒரு பெண் என் கடை வாசலில் நின்று அழுதார். அந்தக் கேசட்டை வாங்கிய ஆண்டிலேயே கணினியில் இறக்கியிருந்தால் அந்தக் குரல் இன்று அவர் பிள்ளைகளின் போனில் இருந்திருக்கும்.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்கிறேன். கேமரா பெட்டியின் மேல் உள்ள விலையைப் பார்க்கும் முன் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். முதலாவது, பதிவு எந்த வகை: பழைய எச்.264 சுருக்கமா, அதைவிட இறுக்கமான எச்.265-ஆ? வீட்டுக் கணினி ஐந்தாறு ஆண்டுப் பழசு என்றால் எச்.264-ல் பதியும் வசதி உள்ள கேமராவே உங்களுக்குச் சரி. சோனியின் ஏஎக்ஸ் வரிசை 4கே ஹேண்டிகேம்கள் அப்படித்தான் எம்பி4 கோப்பாகப் பதிகின்றன. 10 பிட், 4:2:2 என்று நிறத் தரத்தைச் சொல்லி ஆசை காட்டினால், அதைத் தடையின்றி ஓட்டும் கணினி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, நொடிக்கு எத்தனை மெகாபிட். இந்த எண் கையில் இருந்தால் மற்றக் கணக்கை நீங்களே போட்டுவிடலாம். நொடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மூன்று மணி நேரத் தேர்ப்பவனி 135 ஜிபி. பத்திரமாக இரண்டு நகல் வைத்தால் 270 ஜிபி. இந்த இடத்துக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிவிட்டு மீதியில் கேமரா வாங்குங்கள். விலை உயர்ந்த கேமராவை வாங்கி, ஹார்ட் டிஸ்க்குக்குக் காசில்லாமல் பழைய பதிவை அழித்துப் புதியதை எடுப்பது மிகவும் வேதனையான காட்சி. கார்டும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். வி30 என்று குறியிட்டதை வாங்குங்கள்.

மூன்றாவது, நிறுத்தாமல் எவ்வளவு நேரம் எடுக்கும். பழைய நிழற்படக் கேமராக்கள் பலவற்றில் அரை மணி நேரம் ஆனதும் பதிவு தானாக நின்றுவிடும். ஐரோப்பாவில் வீடியோ கேமராவுக்கு இருந்த கூடுதல் இறக்குமதி வரியைத் தவிர்க்கவே அந்த வரம்பை வைத்தார்கள். ஹேண்டிகேமுக்கு அந்த வரம்பு இல்லை. ஆகஸ்ட் வெயிலில் போன் சூடேறி நின்றுபோகும், ஹேண்டிகேம் ஓடிக்கொண்டிருக்கும். இன்றும் நான் ஹேண்டிகேமைப் பரிந்துரைப்பது இதற்காகத்தான்.

நான்காவது, மைக் சொருகும் துளை. ஆடிக் காற்று அடிக்கும் கடற்கரைச் சாலையில் கேமராவின் சொந்த மைக் காற்றைத்தான் பதியும். படத்தின் குறையை மென்பொருளில் ஓரளவு சரிசெய்யலாம். காற்று தின்ற பேச்சை எந்த மென்பொருளும் முழுதாகத் திருப்பித் தராது. பஞ்சு உறை போட்ட சின்ன மைக் ஒன்று போதும்.

கணினி பழசு என்பதற்காக மனம் தளர வேண்டாம். டாவின்சி ரிசால்வ் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கு 16 ஜிபி ரேமும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். அவ்வளவு வசதி இல்லையென்றால் ஷாட்கட், கேடென்லைவ் என்று எளிய கணினிகளிலும் ஓடும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இவை எல்லாவற்றிலும் ப்ராக்ஸி என்றொரு வசதி உண்டு. பெரிய கோப்புக்கு ஒரு சின்ன நகலைத் தானே செய்துகொண்டு, அதை வைத்து வெட்டவிட்டு, முடிவில் பெரிய கோப்பிலிருந்து படத்தை எடுத்துத் தரும். கணினி வாங்கக் காசில்லாத பிள்ளைகள் இதைக் கற்றுக்கொண்டால் போதும்.

பழைய கேசட் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஓடுகிற டிஜிட்டல்8 கேமரா யாரிடமாவது இருந்தால் தூக்கிப்போட விடாதீர்கள். அந்த வகையில் பல மாடல்கள் பழைய ஹை8 கேசட்டையும் ஓட்டி, ஃபயர்வைர் வழியே கணினிக்கு அனுப்பும். நனைந்த கேசட்டை வெயிலில் காயவைக்காதீர்கள், அப்படியே ப்ளேயரில் போடவும் செய்யாதீர்கள். நாடா அறுந்துவிடும்.

இதைத் தனி ஆட்களின் தலையில் மட்டும் சுமத்த எனக்கு மனமில்லை. கேமரா விற்கும் கடைகள் பதிவு வகை, நொடிக்கு மெகாபிட், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜிபி என்ற மூன்றையும் தமிழில் ஒரு சீட்டில் எழுதி விலைப்பட்டியலோடு ஒட்ட வேண்டும். ஃபிரிட்ஜுக்கு எவ்வளவு கரண்ட் ஆகும் என்று நட்சத்திரம் ஒட்டி விற்கும் நாட்டில் இது பெரிய காரியமில்லை. வ.உ.சி. கல்லூரி, தூய மரியன்னை கல்லூரி, காமராஜ் கல்லூரி என்று ஊரில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஏதேனும் ஒன்றில் ஒரு மேசை போடுங்கள். ஓடுகிற பழைய கேமரா இரண்டு, ஃபயர்வைர் உள்ள கணினி ஒன்று, மாணவர் இருவர். வேம்பார் முதல் பெரியதாழை வரை உள்ள ஊர்களிலிருந்து கேசட் கொண்டுவருபவர்களுக்கு இலவசமாக மாற்றிக் கொடுங்கள். அவர்கள் சம்மதித்தால் ஒரு நகலை நூலகத்தில் வையுங்கள். கடலில் குளித்தவர்கள் தங்கள் வாயால் சொன்னதைவிட நல்ல ஆவணம் முத்துக்குளித்துறை என்ற இந்தக் கடற்கரைக்கு வேறு என்ன இருக்கிறது? அந்த மேசைக்கு வந்து சொல்லிக்கொடுக்க நான் தயாராக இருக்கிறேன், கூலி வேண்டாம்.

வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். சொந்த மெமரி கார்டைக் கடைக்குக் கொண்டுபோங்கள். விருப்பப்பட்ட கேமராவில் போட்டு ஐந்து நிமிடம் பேச்சோடு எடுங்கள். வீட்டுக்கு வந்து உங்கள் கணினியில் இறக்கி, உங்கள் மென்பொருளில் வைத்து மூன்று இடத்தில் வெட்டி, ஒரு கோப்பாக வெளியே எடுத்துப் பாருங்கள். பேச்சும் வாயசைவும் கடைசி வரை ஒத்துப்போனால் மறுநாள் பணத்தோடு போய் அந்தக் கேமராவை வாங்குங்கள். கார்டைப் போட்டுப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.